சிவப்புப் புள்ளி

கோணலாக எதைக் கண்டாலும் கண்ணாடிக்காரருக்குக் கை நமைக்கும். கடைக்கு வருகிறவர் மூக்கின் மேல் ஃப்ரேம் சற்றே சாய்ந்திருந்தால் போதும், வியாபாரம் ஆகிறதோ இல்லையோ, கழற்றி வாங்கிச் சூடு காட்டி நிமிர்த்திக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. மனைவி இருந்தவரை இந்த நமைச்சலுக்கு ஒரு கடிவாளம் இருந்தது. "எல்லாத்தையும் நிமித்தாதீங்க, சிலது அப்படியே கெடக்கட்டும்" என்பாள். அவள் போன பிறகு கடிவாளம் பிடிக்க ஆளில்லை.

கடைக்குப் பின்னாலேயே ஒற்றை அறை. ஷட்டரை இறக்கிவிட்டால் மறுநாள் ஏற்றும்வரை அவர் குரலை அவரே கேட்கமாட்டார். மிச்சமிருந்த ஒரே உறவு மனைவியின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அடுத்த தெரு மாடியில் இருக்கும் பில்லியர்ட்ஸ் ஹாலில் இருவரும் மேசைமேல் பந்துகளைக் கோலால் குழிக்குள் தள்ளி ஆடுவார்கள். போனவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கோல் முனையில் ஒட்டும் எந்தத் தோல் டிப் பந்தை நன்றாகப் பிடிக்கிறது, அதன்மேல் சாக் கட்டியைத் தடவுவதா தேய்ப்பதா என்று மணிக்கணக்கில் பேசினார்கள். அழத் தெரியாத ஆண்களுக்கு இப்படி ஏதாவது வேண்டித்தான் இருக்கிறது.

ஓய்வு பெற்றதும் மச்சான் தன் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். போகும்போது தன் ஆட்டக் கோலை, அந்தக் கியூவை, கண்ணாடிக்காரரிடம் கொடுத்தார்.

"அங்க கொண்டு போனா மருமக இதுல துணி காயப்போட்டுருவா மாப்ள. உங்கிட்டயே இருக்கட்டும். ஒரு ஞாயித்துக்கெழம வந்து ஆடிப் பாக்கறேன். கை வந்துச்சுன்னா மாசாமாசம் வரேன். வரலன்னா விட்டுருவோம், என்ன?"

அந்த 'விட்டுருவோம்' கண்ணாடிக்காரரின் காதிலேயே நின்றது. அந்த ஞாயிறும் போய்விட்டால் அவருக்கு இந்த உலகத்தில் பேச்சுத்துணைக்கு மூக்குக்கண்ணாடிகள்தான் மிஞ்சும்.

ஆகவே மச்சான் வருகிற தேதி தெரிந்ததும் கியூவைச் சீராட்ட உட்கார்ந்தார். உலர்ந்த துணியால் சாக் கறையைத் துடைத்தார். பிடியில் மெழுகு பூசித் தேய்த்தார். அங்கே ஒரு சிவப்புப் பெயிண்ட் துளி காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார், வரவில்லை. நைஸான உப்புத்தாள் போட்டு வழித்தெடுத்தார். பிறகு ஹாலுக்குப் போய் மேசைமேல் உருட்டிப் பார்த்தார். கியூ நேராக இருந்தால் அமைதியாக உருளும். இதுவோ முனையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நல்ல வளைவு! கை நமைக்க ஆரம்பித்துவிட்டது.

கியூ பழுது பார்க்கிறவரை ஆட்டக்காரர்கள் 'ஸ்டிக் டாக்டர்' என்பார்கள். கியூவின் முன்பாதிக்கு அவர் கார்பன் ஷாஃப்ட் ஒன்றை நீட்டினார்.

"வெயில்ல போடுங்க, மழையில போடுங்க, ஆயுசுக்கும் வளையாது."

"மரத்தத் தொட்டுப் பழகின கைங்க அது. மேப்பிள் மரமே போடுங்க."

முன்பாதியை மாற்றி, புது மேப்பிள் ஷாஃப்டும் புதுத் தோல் டிப்பும் போட்டாயிற்று. ஸ்கேலுக்கு ஜோடி நிற்கும், அவ்வளவு நேர். கண்ணாடிக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஞாயிறும் வந்தது, மச்சானும் வந்தார். கியூவை வாங்கியவர் டிப்பைப் பார்க்கவில்லை, பளபளப்பையும் பார்க்கவில்லை. பிடியில் கட்டைவிரலை ஓட்டினார். திருப்பினார், மறுபடி ஓட்டினார்.

"என்ன மச்சான் தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. சாக்க எடு."

முதல் பந்து குழிக்கு இடப்பக்கம் முட்டித் திரும்பியது. அடுத்ததும் அப்படியே. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழுகிற பந்து ஒன்று குழி வாயிலேயே நின்றது. அதையும் தவறவிட்டபோது பக்கத்து மேசைக்காரர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"கண்ணு போயிருச்சு மாப்ள" என்றார் மச்சான். "இதுக்குப் பஸ் ஏறி வேற வந்தேன் பாரு."

கண்ணாடிக்காரர் பதறிப்போனார். "கண்ணு போனா ரெண்டு பக்கமும்தான் தப்பும். உங்களுக்கு எல்லாம் எடப்பக்கமே போகுது. கண்ணுல ஒண்ணுமில்ல மச்சான். ஸ்டிக் வளைஞ்சிருந்துச்சு, நான்தான் ஷாஃப்ட்ட மாத்தினேன்."

மச்சான் கியூவை மேசைமேல் கிடத்தினார். 

"வளைஞ்சது எனக்குத் தெரியாதா? உங்க கல்யாணத்துக்கு முன்னாடியே ஈரச் சுவத்துல சாச்சு வச்சு நான்தான் கெடுத்தேன். தூக்கிப் போடப் போனேன். அவதான் புடுங்கி, நகப்பூச்சுல ஒரு புள்ளி வச்சா. 'புள்ளி மேல கட்டைவிரல வை அண்ணா. வளைவு எப்பவும் ஒரே பக்கம் நிக்கும், கை தானாப் பழகிக்கும்'னா. பழகிருச்சு." பிடியை விரலால் தொட்டுக் காட்டினார். "அந்தப் புள்ளிய எங்க மாப்ள?"

கண்ணாடிக்காரர் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டார். "பெயிண்ட்டுன்னு நெனச்சு... சொரண்டிட்டேன்."

திட்டியிருந்தால் ஆறியிருக்கும். மச்சான் அவர் தோளைத் தட்டினார், அவ்வளவுதான். பஸ் ஏறும்போது "அடுத்த மாசம்?" என்று கேட்டதற்கு "பாக்கலாம்" என்றார். அந்தக் குடும்பத்தில் 'பாக்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம். பெண் பார்க்கப் போன நாளிலிருந்தே கண்ணாடிக்காரருக்கு அது தெரியும்.

மறுநாள் கடையைத் திறக்காமல் நேரே ஸ்டிக் டாக்டரிடம் ஓடினார். நல்லவேளை, பழைய ஷாஃப்ட் குப்பைக்குப் போகவில்லை. உயரத்தில் தொங்கும் பைகளை இறக்க டாக்டர் அதைத் துறட்டியாக வைத்திருந்தார்.

"இந்தக் கோணலையா திரும்ப மாட்டச் சொல்றீங்க?"

"ஆமாங்க. கோணல்தான் வேணும்."

அறைக்கு வந்து, இத்தனை நாள் திறக்காத அவளுடைய இழுப்பறையைத் திறந்தார். சீப்பில் இன்னும் நாலைந்து முடி சுற்றியிருந்தது. அதைப் பார்த்ததும் கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பிறகு மூலையில் கிடந்த சிவப்பு நகப்பூச்சுக் குப்பியை எடுத்தார். காய்ந்து அடியில் ஒட்டியிருந்தது. உடைந்த ஃப்ரேமை ஒட்ட வைத்திருக்கும் அசிட்டோனைக் குப்பிக்குள் இரண்டு சொட்டு விட்டுக் குலுக்கினார். உப்புத்தாள் போட்ட இடம் பிடியில் வெளுத்துத் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே புள்ளியை வைத்தார். தன் தப்பே இடத்தை அடையாளம் காட்டியதில் அவருக்கு வெட்கமாக இருந்தது.

காய்ந்ததும் போன் போட்டார்.

"பழைய ஷாஃப்ட்ட மாட்டிட்டேன் மச்சான். புள்ளியும் வச்சிட்டேன். அவ குப்பியிலேருந்துதான்."

 மச்சானின் குரல் மெல்ல வந்தது.

"இன்னும் மிச்சம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. இதோட தீந்துபோச்சு."

மச்சான் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்ப இனிமே தொடைக்கிறேன் தேய்க்கிறேன்னு அதுமேல கைய வைக்காத" என்றார். "ஞாயித்துக்கெழம வரேன்."