சொட்டிய சீலிங்

ஆஸ்திரேலியாவின் பல்லாரட் நகரக் குளிர்காலத்தில், கிளைவின் வீட்டுக்கு அவன் மாமியார் நோரீன் வந்து தங்கிய சில நாளிலேயே குளியலறை சீலிங்கில் நீர் சொட்டத் தொடங்கியது. எக்ஸாஸ்ட் ஃபேனைச் சுற்றிக் கருப்பாகப் பூசணமும் படர்ந்தது. அவர் கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதுதான் காரணம் என்று கிளைவ் முடிவே கட்டிவிட்டான்.

"என்ன நோரீன், உள்ள குளிக்கிறீங்களா, கிறிஸ்துமஸ் புட்டிங் அவிக்கிறீங்களா?"

"உன் கூரை ஓட்டைன்னா அதுக்கு என்னை ஏன்டா சொல்ற?" என்று அவரும் சிரித்தார். ஆனால் மறுநாளிலிருந்து ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்வதோடு சரி. அவருடைய இடுப்பு வலிக்கு வெந்நீர்தான் மருந்து.

"அம்மா முதியோர் குடியிருப்புல இடம் இருக்கான்னு கேட்டாங்க. இப்ப உனக்கு நிம்மதியா?" என்றாள் மனைவி லினட்.

கிளைவுக்குச் சுருக்கென்றது. சனிக்கிழமை மின்சார மெயினை அணைத்துவிட்டு, குளியலறை சீலிங்கில் இருந்த திறப்பின் வழியாக டார்ச்சோடு மேலே ஏறினான். நோரீன் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

கூரையில் ஒரு பொட்டு ஈரமில்லை. ஃபேனிலிருந்து கூரை விளிம்புவரை போன மெல்லிய நெளிகுழாய் மட்டும் நடுவில் தொங்கிப்போய், இரை விழுங்கிய பாம்புபோல வயிறு பெருத்துக் கிடந்தது. என்னவென்று அதைத் தூக்கினான். அதிலிருந்த நீரெல்லாம் ஃபேன் வழியாகக் கீழே கொட்டியது.

"அடப்பாவி! குளிக்காதன்னுட்டு நீயே குளிப்பாட்டுறியா!"

தலை நனைந்த நோரீனைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

குளிர்ந்த குழாய்க்குள் போன ஆவிதான் நீராகி, வெளியேற வழியின்றித் திரும்பிச் சொட்டியிருக்கிறது. பழைய குழாயைப் பிடுங்கி எறிந்தான். பக்கத்திலிருந்த வெளிச்சுவருக்கே நேராக, வெளிப்பக்கம் சற்றுச் சரிந்தாற்போல, வளையாத குழாய் ஒன்றைப் பொருத்தினான். குளிர் தாக்காதிருக்கக் கம்பளிபோல் தடிப்பான உறை சுற்றினான். வெளிவாயில் காற்றுக்குத் திறந்து மூடும் மூடி. காற்று உள்ளே வரக் கதவின் அடியையும் கொஞ்சம் இழைத்தான்.

மன்னிப்புக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

"போய்க் குளிங்க நோரீன். நீங்க குளிச்சாத்தானே வேலை சரியான்னு தெரியும்?"

"எவ்வளவு நேரம்?"

"உங்க இடுப்பு போதும்ங்கிற வரைக்கும்."

அவன் வெளியே பனி படிந்த புல்லில் நின்று பார்த்தான். மூடி படபடத்து, சுவரிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி வந்தது. உள்ளே சீலிங் காய்ந்தே இருந்தது.

குடியிருப்பிலிருந்து இடம் காலி என்று அழைப்பு வந்தபோது, வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி நோரீன் சொல்லிவிட்டார்.