இலவசத்துக்குப் போனவர்கள்

காசு வாங்கிக்கொண்டு வரிக் கணக்குப் போட்டுத் தரும் கணக்கம்மாவுக்கு அந்தத் தெருவில் மனிதர்களில் எதிரி என்று ஒருவரும் கிடையாது. ஒரு மடக்கு மேசைதான் எதிரி. தெருமுனை சூப்பர் மார்க்கெட் வாசலில், தள்ளுவண்டிகள் அடுக்கி நிற்கிற இடத்தை ஒட்டி அதைப் போட்டிருந்தார்கள். மேலே பலகை: வருமான வரிக் கணக்கு இலவசம். அதைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "தக்காளி வாங்கினா வரி இலவசமாம். நாளைக்குப் பல்லு புடுங்குறதும் இலவசம்னு போடுவானுங்க, போய் வாயத் திறந்துக்கிட்டு நில்லுங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். ஊரும் சிரித்துவிட்டு நேராக அந்த மேசைக்கே போகும்.

மேசை பாதிப் பேரை இழுத்தது என்றால், மீதியைச் செல்போன் இழுத்துக்கொண்டது. சம்பளச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பினால் போதுமாம், காபி ஆறுவதற்குள் கணக்கு தாக்கல் ஆகிவிடுமாம். யாரைக் குறை சொல்வது? சும்மா கிடைக்கிறதை விட்டுவிட்டு யார் காசு கொடுக்க அவள் மாடிப்படி ஏறி வருவார்கள்? அவளே ஆனாலும் அதைத்தான் செய்திருப்பாள். அது நன்றாகத் தெரிந்திருந்தும் வயிறு எரியத்தான் செய்தது.

மருந்துக்கடை மாடியில் அவளுக்கு ஓர் ஒற்றை அறை. ஒரு காலத்தில் வரி சீசன் வந்தால் படி முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். மருந்துக்கடைக்காரர் கீழேயிருந்து வழி விடச் சொல்லிக் கத்துவார். இப்போது கத்த ஆள் இல்லாமல் அவருக்கே போரடித்தது. விட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் மூன்றே பேர்: டாக்ஸிக்காரர், பேக்கரி அக்கா, பாட்டு டீச்சர்.

இந்த நிலைமையில்தான் போன வாரம் சூப்பர் மார்க்கெட் மேனேஜரம்மா போன் பண்ணினாள். மேசையில் உட்கார்ந்திருந்த பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான், அனுபவம் உள்ளவர் வேண்டும், சீசன் முடிந்தால் உள்ளே கணக்குப் பிரிவில் வருஷம் முழுக்க வேலை, மாசச் சம்பளம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொன்னால் நல்லது என்றாள். கணக்கம்மா பார்க்கலாம் என்று கெத்தாகச் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கண்ண மூடிக்கிட்டுப் போ. ஏசியாவது இருக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

"நல்லா சொன்னீங்க. மூணு பேரும் என்னையே நம்பி இருக்காங்க. அவங்கள நட்டாத்துல விட்டுட்டு, நானே வாய் கிழியத் திட்டின மேசையில போய் உட்காரணுமா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்களப் பார்ப்பேன்?"

உண்மை என்னவென்றால், அவளுக்கு அந்த வேலை வேண்டும். ஆசை ஆசையாக வேண்டும். மாசம் பிறந்தால் கையில் சம்பளம் என்பதை நினைத்தாலே தோள் இறங்கி லேசானது. ஆனால் ஊரே கைவிட்டபோது கூட நின்ற மூன்று பேரைக் கைவிடுவது நன்றிகெட்ட வேலை இல்லையா? யோசித்து யோசித்து வெள்ளிக்கிழமையும் வந்து சேர்ந்தது.

அன்றைக்கு மத்தியானம் டாக்ஸிக்காரர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கையில் வழக்கமான துணிப்பை. உள்ளே பெட்ரோல் பில், டயர் பில், இன்ஷூரன்ஸ் எல்லாம் ஒரே கும்பலாக.

"வாங்கண்ணே. உட்காருங்க. முட்டி எப்படி இருக்கு?"

"அதுக்கென்னம்மா, அது பாட்டுக்கு வலிக்குது. வந்து... உங்ககிட்ட ஒண்ணு..."

"சொல்லுங்க."

"வெயில் ரொம்ப ஜாஸ்தி இல்ல இந்த வருஷம்?"

கணக்கம்மா பில்களைப் பிரித்து அடுக்க ஆரம்பித்தாள். மனுஷர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். ஒரு தடவை எழுந்து ஜன்னல் வரை போய் வந்தார். மருமகள் நல்லவள் என்றார், ரொம்ப வேகமானவள் என்றார், வேகம் சில சமயம் ஆபத்து என்றார். கணக்கம்மா எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டிக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டினாள். அவளுக்கு அவள் கவலை. இவரைப் போய் எப்படி அந்த மேசைக்கு வரச் சொல்வது என்கிற நினைப்பிலேயே கை தானாக ஓடியது. இன்னொரு ஆளாக இருந்தால் இவர் முழிக்கிற முழியைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார்.

"முடிஞ்சதுண்ணே. அனுப்பிடவா?"

"அதுக்குள்ளயா!" என்று அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அதற்குள் அவள் அனுப்பிவிட்டாள்.

திரையில் சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: இந்த நபருக்கான இந்த ஆண்டுக் கணக்கு ஏற்கெனவே தாக்கல் செய்யப்பட்டுவிட்டது.

கணக்கம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்ணைச் சரிபார்த்து மறுபடி அனுப்பினாள். மறுபடி அதே சிவப்பு. "அண்ணே, பதறாதீங்க. எவனோ உங்க நம்பரத் திருடி உங்க பேர்ல கணக்கு போட்டிருக்கான். இந்த மாதிரி கேள்விப்பட்டிருக்கேன். உங்க பேங்க் கணக்கு வரைக்கும் கைய வச்சிருப்பான். இருங்க, மோசடிப் புகார் நம்பர் இருக்கு, இப்பவே கூப்பிடுறேன். அப்புறம் போலீசுக்கும்..."

"போலீசா!" டாக்ஸிக்காரர் மேசைக்குக் குறுக்கே பாய்ந்து போனைப் பொத்திக்கொண்டார். "வேணாம்மா. திருடன் எல்லாம் இல்ல. எங்க வீட்டு மருமகதான்."

"மருமக திருடினாளா?"

"ஐயோ, அவ போட்டாம்மா. கணக்க. போன்லயே. சோறு வடிச்சுக்கிட்டே போட்டு முடிச்சுட்டா. இலவசம்னு சொன்னா, நானும் தலைய ஆட்டிட்டேன்."

கணக்கம்மா துணிப்பையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்புறம் எதுக்குண்ணே இந்தப் பையத் தூக்கிட்டு வந்தீங்க?"

"சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். உங்க முகத்தப் பார்த்ததும் நாக்கு எழல. நீங்க முட்டி எப்படி இருக்குன்னு வேற கேட்டுட்டீங்க." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் மட்டும் இல்ல. பேக்கரியம்மாவும் போட்டாச்சு. டீச்சரும் போட்டாச்சு. மூணு பேரும் பேக்கரியில உட்கார்ந்து, உங்ககிட்ட யார் சொல்றதுன்னு சீட்டு குலுக்கிப் போட்டோம். என் கிரகம், எனக்கு விழுந்துச்சு. சீட்டு விழுந்து மாசக்கணக்காச்சு. தினம் இந்தப் படி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போவேன்."

கணக்கம்மாவுக்கு முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. யார் தன்னை நம்பி நட்டாற்றில் நிற்கிறார்கள் என்று தூக்கம் கெட்டுக் கிடந்தாளோ, அவர்கள் எப்போதோ கரையேறித் துணி காயப் போட்டிருக்கிறார்கள். அடுத்த நொடி, தன்னைத் தாங்கித் தாங்கி மூன்று பெரிய மனுஷர்கள் சீட்டு குலுக்கிய காட்சி கண்ணில் வந்தது. சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டாக்ஸிக்காரர் அது சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் திருதிருவென்று முழித்தார்.

"அண்ணே, நான் அந்த சூப்பர் மார்க்கெட் மேசைக்கே வேலைக்குப் போறேன். கூப்பிட்டிருக்காங்க. உங்க மூணு பேருக்காகத்தான் பதில் சொல்லாம இழுத்துக்கிட்டிருந்தேன்."

"நெசமாவா? அப்போ கோபம் இல்லையா?"

"நானே அங்க போறேன், உங்க மேல என்ன கோபம்!"

"அப்பாடா!" என்று அவர் நாற்காலியில் சாய்ந்த சாய்வில் நாற்காலியே முனகியது.

அவர் எதிரிலேயே மேனேஜரம்மாவுக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வருகிறேன் என்று சொன்னாள். கெத்தெல்லாம் இல்லை, குரலில் சந்தோஷம் அப்படியே தெரிந்தது. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

டாக்ஸிக்காரர் தன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "பேக்கரியம்மா, நான்தான். சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் தட்டு ஒன்று கீழே விழுந்த சத்தம். "சொல்லிட்டீங்களா? அழுதாங்களா?"

"சிரிக்கிறாங்க. மூச்சு முட்டச் சிரிக்கிறாங்க."

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "நல்லா இருப்பீங்கண்ணே. அவங்க கண்ணுல படக் கூடாதுன்னு நான் பின்தெரு சுத்திச் சுத்திக் கடைக்குப் போய்க்கிட்டிருக்கேன். எத்தனை நாளாச்சு அவங்களோட உட்கார்ந்து நாலு வார்த்தை பேசி! வருஷா வருஷம் அந்தக் கணக்க சாக்கா வச்சுத்தான் மாடியேறுவேன். இனிமே எதச் சொல்லிக்கிட்டுப் போறது?"

கணக்கம்மா எட்டிப் போனை வாங்கினாள்.

"அக்கா, நான்தான். சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. முன்தெரு வழியாவே வாங்க. ஒரு காகிதமும் கொண்டு வர வேணாம்."