பத்து நாள் செலவு

தீக்குச்சி உரசிய சத்தம்தான். மெக்கானிக் பாலையா பீடி பற்ற வைத்தான். அடுத்த கணம் அவன் கழுத்து தணிகாசலத்தின் பிடிக்குள் இருந்தது.

சித்தூர் பஸ் ஷெட்டில் காலை ஏழு மணி. மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் அந்தக் கையைப் பிரிக்க முடியவில்லை. பாலையாவின் முகம் கறுத்து, கண் மேலே செருகிய பிறகு தணிகாசலம் தானாகவே விட்டான். விட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பாலையா தரையில் கிடந்து இருமினான். "டேய், நான் பாலையாடா! ரெண்டு பொண்ணு இருக்குதுடா எனக்கு. மொதல்ல போய்ச் செலவு கேளு. இல்லாட்டி எவனையாச்சும் கொன்னுட்டுத்தான் நிப்பே."

சித்தூர் பக்கத்தில் செலவு என்றால் லீவு. தெலுங்குச் சொல். பள்ளிக்கூடத்துக்கும் செலவு, கோர்ட்டுக் கச்சேரிக்கும் செலவு. அங்கே பிறந்து வளர்ந்த தமிழர்கள் வாயிலும் அதுதான் வரும்.

பதினோரு வாரத்துக்கு முன்பு, எல்லைத் தகராறு கொதித்துக்கொண்டிருந்த நாளில், புத்தூர் தாண்டி ஒரு கூட்டம் தணிகாசலத்தின் பஸ்ஸை மறித்தது. வண்டி போர்டில் இருப்பது தமிழ் எழுத்தா தெலுங்கு எழுத்தா என்று கேட்டார்கள். பதில் சொல்வதற்குள் பெட்ரோல் வாசனை வந்தது. ஒருவன் தீக்குச்சியைக் கிழித்தான். பின் சீட்டில் மாட்டிக்கொண்ட ஒரு கர்ப்பிணியை இறக்க உள்ளே ஓடினான் கண்டக்டர் முனிகிருஷ்ணன். அவளை வெளியே தள்ளிவிட்டான். அவன் வரவில்லை. ஜன்னல் வழியாக நீண்ட கையைத் தணிகாசலம் பிடித்து இழுத்தான். தோல் மட்டும் கையோடு வந்தது.

மூன்றாம் நாள் கம்பெனி அவனுக்குப் புது வண்டி கொடுத்தது. அதைப் பெரிய சலுகை என்று எல்லோரும் சொன்னார்கள். அன்றிலிருந்து அவன் தூங்கவில்லை.

பாலையா சொன்னபடி தணிகாசலம் காகிதம் கேட்டு வாங்கினான். இத்தனை வருஷமும் குமாஸ்தா வெங்கடரமணன் தெலுங்கில் எழுதுவார், இவன் கையெழுத்துப் போடுவான். இன்று குமாஸ்தா கம்பெனி வக்கீல் வீட்டுக்குப் போயிருந்தார். புது மானேஜர் ஏகாம்பரத்துக்குத் தெலுங்கே தெரியாது. எல்லைக் கோடு விழுந்ததும் பாதி ரூட்டு மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போய்விட்டது. அந்தப் பக்கத்து ஆபீஸ்களோடு மல்லுக்கட்ட முதலாளி அவரைச் செங்கல்பட்டிலிருந்து கொண்டுவந்து இரண்டு மாதம் ஆகிறது. எனவே தணிகாசலம் தானே தமிழில் எழுதினான். லீவு என்பது இங்கிலீஷ், காகிதத்தில் செலவு என்று போடுவதுதான் மரியாதை என்பது அவன் எண்ணம்.

ஏகாம்பரம் வாசித்தார்.

‘ஐயா அவர்களுக்கு. எனக்குப் பத்து நாள் செலவு வேண்டும். உடனே கொடுக்கவும். கொடுக்காவிட்டால் யாரையாவது கொன்றுவிடுவேன். இப்படிக்கு டிரைவர் தணிகாசலம்.’

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி வாசித்தார். பணம் கேட்டு மிரட்டல். அதுவும் கையெழுத்துப் போட்டு.

"என்னடா இது? செலவு கேக்கறியா?"

"ஆமா சார். பத்து நாள் செலவு."

"கொடுக்கலேன்னா?"

"அதான் எழுதிகீறேனே சார். இப்பக்கூட பாலையாவைக் கொன்னுருப்பேன். தலைக்குள்ள சத்தம் கேட்டுகினே கீது."

"எதுக்குடா செலவு?"

"தூங்கறதுக்கு சார்."

ஏகாம்பரம் வாய்விட்டுச் சிரித்தார். "தூங்கறதுக்குச் செலவா? அப்பிடிச் செலவு பண்ணிப் படுக்கிற மாதிரி எவடா அவ? உன் சிநேகிதன் அந்தக் கண்டக்டர் செத்துட்டானே, அவன் பொண்டாட்டியா?"

மேஜை அப்படியே எழுந்து அவர் மார்பில் மோதியது. ஏகாம்பரம் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். இரும்பு பீரோவின் முனை பின்மண்டையைக் கிழித்தது. எழ முயன்றவரின் தாடையில் ஒரு குத்து விழுந்தது. வாயிலிருந்து பல் ஒன்று மைக்கூட்டுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

தணிகாசலம் குனிந்து அவர் சட்டையைப் பிடித்தான். மறுபடி ஓங்கிய கையைத் தன் பல்லாலேயே கடித்து நிறுத்தினான். வெளியே ஓடினான். ஏழரை மணி திருப்பதி வண்டி ஜனத்தோடு நின்றது. அதில் ஏறினால் கை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும், யாருடைய கழுத்தையும் பிடிக்காது. அவ்வளவுதான் அவனுக்குத் தோன்றியது.

ஏகாம்பரம் எழுந்து நின்றபோது வண்டி கேட்டைத் தாண்டிவிட்டது. தலையில் வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு திருப்பதி ஏஜெண்டு தாமோதரனுக்கு ட்ரங்க் கால் போட்டார்.

"தணிகாசலம் வர்றான். மொள்ளமாறி, என்னை அடிச்சுட்டான். வண்டி நின்னதும் நாலு ஆளை வெச்சு இறக்கு. எலும்பு ரெண்டு போனாலும் பரவாயில்லே."

"விடுங்க சார், பூப்போல இறக்கிடறோம்," என்று தாமோதரன் சிரித்தான்.

எட்டேகாலுக்கு வெங்கடரமணன் வக்கீல் வீட்டிலிருந்து திரும்பினார். ரத்தத்தைப் பார்த்தார். தரையில் கிடந்த காகிதத்தை எடுத்து வாசித்தார்.

"லீவு கேட்டதுக்கா சார் இவ்ளோ ரகளை?"

"யாருய்யா லீவு கேட்டான்? பணம் கேட்டான்."

"சார், இந்த ஊர்ல செலவுன்னா லீவு. பத்து நாள் லீவு கேட்டுருக்கான். இல்லேன்னா கொலை பண்ணிடுவேனோன்னு பயந்துகினு எழுதிருக்கான். நானே போன மாசம் முதலாளி கிட்ட சொன்னேன், இவனைக் கொஞ்ச நாள் வண்டியில ஏத்தாதீங்கன்னு. புது வண்டி கொடுத்தோமேன்னார்."

தூங்கறதுக்கு சார் என்று அவன் சொன்னது ஏகாம்பரத்தின் காதில் இப்போதுதான் சரியாக விழுந்தது. தான் திருப்பிச் சொன்னதும் கூடவே விழுந்தது. போனை எடுத்தார். திருப்பதி லைன் கிடைக்கவில்லை. மூன்று முறை முயன்றார்.

"ஜீப்பை எடுக்கச் சொல்லு. நீயும் ஏறு."

அங்கே, திருப்பதி ரோட்டில் பனப்பாக்கம் பக்கம் யாரோ கரும்புத் தோகையைக் கொளுத்தியிருந்தார்கள். புகை ரோட்டைக் கடந்தது. தணிகாசலம் உதட்டைக் கடித்தான். ரத்தம் மோவாயில் வழிந்து காக்கிச் சட்டையில் சொட்டியது. முன் சீட்டுக்காரர், "டிரைவர், ரத்தம்!" என்றார். அவன் திரும்பவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். நாற்பத்திரண்டு பேர். இவர்களைத் திருப்பதியில் இறக்கிவிட்டால் போதும், சாவியைப் போட்டுவிட்டு எங்கேயாவது படுத்துக்கொள்ளலாம். சந்திரகிரி கோட்டை வந்தது, போனது. ஒரு கோழிகூட அடிபடவில்லை.

பத்து மணிக்குத் திருப்பதி ஸ்டாண்டில் வண்டி நின்றது. இஞ்சின் ஓய்வதற்குள் நாலு பேர் தடியோடு சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் பானெட்டில் ஓங்கி அடித்தான்.

"எறங்குடா கீழே!"

புத்தூர் ரோட்டில் கேட்ட அதே வார்த்தை. தாமோதரன் வாயில் சிகரெட்டு புகைந்தது. தணிகாசலம் அதைப் பார்த்தான்.

"பின்னால எறங்குங்க! ஓடுங்க! கொளுத்தப் போறானுங்க!" என்று வண்டிக்குள் கத்தினான். ஸ்டார்ட் பண்ணும் இரும்பு ஹேண்டிலை உருவிக்கொண்டு குதித்தான்.

முதல் அடியில் தாமோதரனின் தோள் எலும்பு முறிந்தது. சிகரெட்டு தெறித்து விழுந்தது. இரண்டாவது அடி ஒருவன் முழங்காலில் இறங்கியது. அவன் போட்ட அலறலில் குதிரை வண்டி ஒன்று மிரண்டு ஓடியது. பின்னாலிருந்து வந்த தடி தணிகாசலத்தின் நெற்றியைப் பிளந்தது. கண்ணில் ரத்தம் இறங்க, அவன் வண்டியின் கதவில் முதுகைக் கொடுத்து நின்றான்.

"உள்ள ஜனம் கீதுடா! கிட்ட வராதே!"

கல் பறந்தது. பைத்தியக்கார டிரைவர், ஆளை வெட்டுகிறான் என்று எவனோ கத்த, ஸ்டாண்டே திரண்டது. மொட்டையில் சந்தனம் காயாத யாத்திரிகர் ஒருவர் செருப்பைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தார். தணிகாசலம் விழுந்தான். விழுந்த பிறகும் உதைத்தார்கள். விலா எலும்பு முறிந்த சத்தம் முதல் வரிசைக்குக் கேட்டது. ஹேண்டிலை மட்டும் அவன் விடவில்லை.

ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. வழியில் ஏகாம்பரம் குமாஸ்தாவிடம் ஒரே ஒரு தெலுங்கு வாக்கியம் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார். ‘உன்னாடு’ என்றால் இருக்கிறான், ‘உன்னாரு’ என்றால் இருக்கிறார், எது வேண்டும் சார் என்று வெங்கடரமணன் கேட்டதற்கு, மரியாதையானதையே சொல்லிக் கொடு என்றிருந்தார்.

கூட்டத்துக்குள் பாய்ந்தார். தலைக்கட்டின் மேலேயே ஒரு அடி விழுந்தது. காயம் திறந்துகொண்டது. தணிகாசலத்தின் மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டு, பல் போன வாயால் கத்தினார்.

"ஈயன செலவுலோ உன்னாரு! செலவுலோ உன்னாரு!"

இவர் லீவில் இருக்கிறார். அதைக் கேட்டு என்ன செய்வது என்று யாருக்கும் புரியவில்லை. வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தத்தோடு ஒரு மனிதர் லீவு, லீவு என்று அலறுகிறார். அந்தக் குழப்பத்தில் கைகள் நின்றன. போலீஸ்காரர் ஒருவர் தடியால் வழி செய்துகொண்டு வந்தார். ஏகாம்பரத்தின் பேச்சைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார்.

"லீவுல இருக்கறவன் எப்படிய்யா வண்டி ஓட்டினான்?"

"காலையில கேட்டான். நான் கொடுக்கல. வண்டியில ஏறவிட்டது என் தப்பு. எழுதிக்குங்க."

தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தாமோதரன் முனகினான். "சார், நீங்கதானே சார் எலும்பை உடைக்கச் சொன்னீங்க?"

ஏகாம்பரம் அவனைப் பார்த்தார். "அதையும் எழுதிக்குங்க," என்றார்.

கீழே கிடந்த தணிகாசலம் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "நாப்பத்திரண்டு பேரு சார். ஜனம் எறங்கிடுச்சா?"

"எறங்கிட்டாங்கப்பா. நாப்பத்திரண்டு பேரும்."

விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. ஹேண்டில் கல்லில் விழுந்து உருண்டது. ஏகாம்பரம் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வெங்கடரமணன் ஜீப்பின் பின்கதவைத் திறந்தார்.

போலீஸ்காரர் பென்சிலை நாக்கில் தொட்டார். "எத்தனை நாள் லீவு?"

ஏகாம்பரம் குனிந்து பார்த்தார். உடைந்த விலா ஏறி இறங்க, வாய் பிளந்து, தணிகாசலம் தூங்கிக்கொண்டிருந்தான்.

"எழுந்ததும் கேட்டுச் சொல்றேன்," என்றார்.