ஆறு மணி அடிக்கட்டும்

ஹால்வர் எழுத்தாளர் ஆனது ஊரில் யாரும் எதிர்பாராத விஷயம். அவருக்கே பிடிக்காத விஷயம். காலமெல்லாம் மீன்பிடிக் கப்பலில் சமைத்தவர். சூப் வைக்கத் தெரியும், திட்டத் தெரியும். புத்தகம் எழுதுகிறவர்களை அவர் நம்பியதே இல்லை. வேலைவெட்டி இல்லாதவன்தான் பொய்யை அச்சடித்து விற்பான் என்பார்.

அவரை எழுத வைத்தவள் மகள் சால்வோர். எல்லோருக்கும் சல்லா. நாற்பதைத் தாண்டியவள், அந்த வசந்தத்தில் தலைநகர் ரெய்க்யாவிக்கில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். தீவிலிருந்து படகேறிப் பார்க்கப் போன அப்பாவிடம் ஒருநாள் கேட்டாள்.

"அந்தக் குஞ்சு திரும்பி வந்துச்சா இல்லையாப்பா?"

"எந்தக் குஞ்சு?"

"நடிக்காத. ரேடியோவில சொல்லுவியே."

கோடை முடிகிறபோது அவர்கள் தீவில் பஃபின் என்ற கடற்பறவையின் குஞ்சுகள் தெருவிளக்கைப் பார்த்து ஏமாந்து ஊருக்குள் வந்து விழும். பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கி அட்டைப்பெட்டியில் வைத்திருந்து, விடிந்ததும் பாறைமேல் நின்று கடல் பக்கம் வீசிப் பறக்கவிடுவார்கள். சின்ன வயதில் சல்லா அப்படி ஒன்றை வீசிவிட்டு, அது எங்கே போயிருக்கும் என்று அழுதாள். கப்பலிலிருந்து ரேடியோவில் பேசும்போதெல்லாம் அந்தக் குஞ்சின் கதையை ஹால்வர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பக்கத்துக் கப்பல்காரர்களும் ஒட்டுக்கேட்பார்கள். "யோவ் சமையல்காரா, இன்னிக்குக் குஞ்சுக்கு என்னய்யா சாப்பாடு?" என்று நடுவில் புகுந்து கிண்டல் செய்வார்கள். கதையின் முடிவு அவருக்கே தெரியாததால் அவர் சொல்லவே இல்லை.

"அதை எழுதேன்" என்றாள் சல்லா. "கையெழுத்தில வேண்டாம், உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். புத்தகமா வேணும். இந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ எனக்குத் தரவேண்டிய புத்தகம் அதுதான்."

அந்த நாட்டில் கிறிஸ்துமஸுக்குப் புத்தகம் வாங்காத ஆள் கிடையாது. இருபத்துநாலாம் தேதி மாலை ஆறு மணி அடித்ததும்தான் பரிசுப் பொட்டலங்களைப் பிரிப்பார்கள். ஆனால் சல்லா கேட்டதில் ஹால்வரின் காதில் விழுந்தது ஒன்றுதான். கிறிஸ்துமஸ்வரை இருப்பேன் என்கிறாள்.

எழுதினார். துறைமுகத்து நண்பன் ஓட்டூர் பிழை திருத்தித் தட்டச்சு செய்து கொடுத்தான். "இத்தனை தப்போட எழுதுறதுக்கும் ஒரு திறமை வேணும்டா" என்றான். இரண்டு பதிப்பகங்கள் வேண்டாமென்றன. மூன்றாவதில் ஃப்ரித்ரிகா என்ற பெண் கூப்பிட்டு உட்காரவைத்து, காரணமே இல்லாமல் சிரித்தாள். ஹால்வர் உடனே உஷாரானார்.

"கதை ரொம்ப நல்லா இருக்கு. படத்தில குஞ்சுக்கு ஒரு தொப்பி போடலாமா?"

"பறவைக்கு எதுக்குத் தொப்பி? குளிருதுன்னு உங்ககிட்ட வந்து சொல்லிச்சா?"

"சரி, தொப்பி வேண்டாம். ஆனா முடிவு... கடல்ல போச்சு, எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியாதுன்னு முடிச்சிருக்கீங்க. குழந்தைங்க அழுதுடும். திரும்பி வர்ற மாதிரி மாத்துங்களேன்."

"வந்ததை நீங்க பாத்தீங்களா? நானும் பாக்கல. அழுதா அழட்டும். கிறிஸ்துமஸுக்குப் புத்தகம் வருமா, அதைச் சொல்லுங்க."

வரும் என்றாள். எதற்கு அவசரம் என்று கேட்டாள். முன்பின் தெரியாதவளிடம் மகளைப் பற்றி ஏன் சொல்லவேண்டும்? சொல்லவில்லை.

இலை உதிர்கிற நாளில் டாக்டர் அவரைத் தனியாக அழைத்துப் பேசினார். ஹால்வர் படியிறங்கி வந்து ஃப்ரித்ரிகாவுக்குப் போன் போட்டார். "திரும்பி வரட்டும்" என்றார்.

"பாத்தீங்களா, நான்தான் சொன்னேன்ல!" என்று அவள் குதித்தாள். அவள் ஜெயித்ததாகவே இருக்கட்டும் என்று போனை வைத்தார்.

நவம்பரில் புத்தகம் வந்தது. குஞ்சுக்குத் தொப்பி இல்லை. ஒன்றைச் சிவப்புக் காகிதத்தில் சுற்றி, ஒட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சல்லாவின் கை அந்தப் பொட்டலத்தின் கனத்துக்கே தாழ்ந்தது.

"இப்பவே பிரிச்சிரட்டுமாப்பா?" என்று கேட்டாள்.

பிரி என்று சொல்ல வாய்வரை வந்தது. பிரி என்றால் என்ன அர்த்தம்? நீ அதுவரை இருக்கமாட்டாய் என்று பெற்றவனே சொன்னதாகிவிடும்.

"இருபத்துநாலாம் தேதி ஆறு மணி அடிக்கட்டும்" என்றார். "அதுக்கு முன்னாடி எவனாவது பிரிப்பானா?"

அவள் அவரையே பார்த்தாள். "நீ சொன்னா சரி" என்றாள். பொட்டலத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அப்புறம் படகு எப்படி ஆடியது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது சல்லா போய்விட்டாள்.

அவளுடைய சாமான்களை நர்ஸ் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். ஹால்வர் நடைகூடத்திலேயே உட்கார்ந்து பொட்டலத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்ன வயதில் சல்லா டேப்பை நகத்தால் நெம்பி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, எச்சில் தொட்டு ஒட்டிவைக்கிற கள்ளி. ஒரு மூலையாவது தூக்கியிருக்காதா என்று தேடினார். ஒரு மூலைகூட அசைந்திருக்கவில்லை. வாழ்நாளில் ஒரே ஒருமுறை அப்பன் சொன்னதைக் கேட்டிருக்கிறாள்.

மறுநாள் ஃப்ரித்ரிகா போன் செய்தாள். கடைகளில் புத்தகம் தீர்ந்துவிட்டதாம், அடுத்ததை எப்போது தருவீர்கள் என்றாள். "அடுத்தது இல்ல" என்று வைத்துவிட்டார். இருபத்துநாலாம் தேதி ஆறு மணி அடித்தது. நாடு முழுக்கப் பொட்டலங்கள் பிரிந்தன. எத்தனையோ வீட்டில் குஞ்சு பத்திரமாகத் திரும்பி வந்தது.

பண்டிகை கழிந்து, சவப்பெட்டியை மூடுமுன் நெருங்கியவர்கள் மட்டும் கூடும் சின்னப் பிரார்த்தனை நடந்தது. பாதிரியார், ஓட்டூர், ஹால்வர். ஜெபம் முடிந்ததும் ஹால்வர் கோட்டுக்குள்ளிருந்து சிவப்புப் பொட்டலத்தை எடுத்துக் கிழித்தார். அந்த அறையில் காகிதச் சத்தம் பெரிதாகக் கேட்டது. கடைசிப் பக்கத்தைப் பிரித்தார்.

"விடிந்தபோது பாறையில் ஏதோ அசைந்தது..." என்று படித்தார். அடுத்த வரி அச்சில் தெளிவாகத்தான் இருந்தது. அவருக்கு வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் சொன்ன பொய்யை அவளிடம் சொல்ல முடியவில்லை.

புத்தகத்தை மூடி அவள் கையடியில் வைத்தார்.

"தெரியலம்மா" என்றார். "எனக்குத் தெரியல."