காலி எடை

என் வீட்டுக்காரருக்கு வாயைத் திறந்து ஒரு பஸ்ஸைக்கூட நிறுத்தத் தெரியாது. சும்மா சொல்லல. நான் கண்டக்டர், என் பஸ்லயே நடந்த கூத்து இது. நான் பின்னாடி டிக்கெட் போட்டுட்டிருக்கேன், முன்னாடி கூட்டத்துல இவர். ஸ்டாப் வந்துடுச்சு. "இறங்கணும்"னு ஒரு குரல் குடுத்தா போதும். குடுக்கல. மூணு ஸ்டாப் தள்ளி வேற யாரோ இறங்கினப்ப அவங்க முதுகுக்குப் பின்னாடியே இறங்கி, வெயில்ல திரும்பி நடந்து வீட்டுக்கு வந்தார். "ஏங்க, பொண்டாட்டி பஸ்லகூடவா?"ன்னு கேட்டா, "நீ வேலையா இருந்தே"ங்கறார். தலையில அடிச்சுக்கிட்டேன்.

இருபத்திரெண்டு வருஷமா அவருக்கும் சேர்த்து நான்தான் பேசறேன். வீட்டு ஓனர்கிட்ட நான், குழாய் ரிப்பேர்காரர்கிட்ட நான், அவரோட சொந்த அக்காகிட்டகூட நான். "உங்க தம்பிக்கு உங்க மேல கோவம்"னு நானே போய்ச் சொல்லி, நானே சமாதானமும் பண்ணி வெச்சிருக்கேன்.

அவருக்கு வேலை எடைமேடையில. லாரி வந்து மேடையில ஏறி நிக்கும். லோடோட ஒரு எடை. சரக்கை இறக்கிட்டு வந்தா காலி எடை. ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிச்சா சரக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இதேதான். அந்த ரூம்ல பேச்சுக்கு வேலையே இல்ல, அதான் மனுஷன் அங்க நிம்மதியா இருக்கார்.

அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துடுச்சு. எங்க பூனைக்குப் பேரு மேனேஜர். ஒரு துரும்பைக்கூட அசைக்க மாட்டார், ஆனா அலமாரி மேல உக்காந்து எல்லாரையும் கண்காணிப்பார், அதனால வெச்ச பேரு. ஞாயித்துக்கிழமையானா இவர் மேனேஜரைத் துணிப்பையில உக்கார வெச்சு, தொங்கு தராசுல மாட்டி, பையோட எடையைக் கழிச்சு நோட்டுல எழுதுவார். ஒன்பது வருஷமா எழுதறார். "எதுக்குங்க எடை, விக்கவா போறோம்?"னு நான் கேலி பண்ணாத ஞாயித்துக்கிழமை கிடையாது. புதுசா பிரம்புக்கூடை வாங்கினப்ப கூடையையும் நிறுத்து எழுதி வெச்சார்னா பாத்துக்கோங்க.

மேனேஜருக்கு வருஷம் ஒரு தடவை செக்கப். இந்தத் தடவை அப்படியே லேசா மயக்கம் குடுத்துப் பல்லையும் சுத்தம் பண்ணிடலாம், வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்கன்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. பசியில இருக்கற மேனேஜர்கிட்ட யார் போவா? கிளினிக்குக்குப் போனதும் கூடைக்குள்ள நாலு காலையும் ஊணிக்கிட்டு உர்ருங்கறார். நர்ஸம்மா கையை உள்ள விட்டுட்டு உடனே எடுத்துட்டாங்க. "இருக்கட்டும், கூடையோடவே வைங்க. அப்புறம் கழிச்சுக்கலாம்"னாங்க. தராசுல வெச்சாச்சு, கார்டுல எழுதியாச்சு. அதுக்குள்ள போன் அடிச்சுது. அவங்க போன் பக்கம் போக, கார்டு உள்ள போயிடுச்சு.

அந்த நேரம் பாத்து ஒரு நாய்க்காரர் வரிசையில எங்களுக்கு முன்னாடி புகுந்தார். விடுவேனா? நான் பிடிபிடின்னு பிடிச்சிட்டிருக்கேன், இவர் என் கையைத் தொட்டு, "கூடை எடை..."ன்னு இழுத்தார்.

"அதெல்லாம் அவங்களுக்குத் தெரியும். நான் பேசிட்டிருக்கேன்ல? நீங்க சும்மா இருங்க."

சும்மா இருந்துட்டார். இதை நான் மறைக்க முடியாது. அந்த மனுஷன் வாயை அடைச்சது நான்தான்.

உள்ள ஒரு ஆள்தான் போகலாம்னாங்க. நான்தான் போனேன், வேற யாரு? டாக்டரம்மா நெஞ்சுல குழாய் வெச்சுக் கேட்டாங்க, வயித்தை அமுக்கிப் பாத்தாங்க, கார்டைப் பாத்தாங்க. "ஆறு கிலோ நூறா? நல்லா வெயிட் போட்டிருக்காரே"ன்னு சிரிச்சாங்க. மேனேஜருக்கு முடி புசுபுசுன்னு இருக்கும், பார்வைக்கு எடையும் தெரியாது, எலும்பும் தெரியாது. ஊசியைப் போட்டு, "பத்து நிமிஷத்துல தூங்கிடுவார், வெளிய உக்காருங்க"ன்னாங்க.

வெளிய வந்து காலிக்கூடையை இவர் மடியில வெச்சேன். "மேனேஜர் வெயிட் போட்டுட்டாராம். ஆறு கிலோ நூறாம். எல்லாம் நீங்க குடுக்கற செல்லம்"னேன்.

என்னைப் பாத்தார். மடியில இருந்த கூடையைப் பாத்தார். எழுந்து நின்னுட்டார்.

'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது'ன்னு கதவுல பெருசா எழுதியிருக்கு. ரோட்டுல எந்த போர்டைப் பாத்தாலும் நின்னு படிச்சு அதும்படி நடக்கற மனுஷன், அந்தக் கதவைத் தட்டக்கூட இல்லாம தள்ளிட்டு உள்ள போனார். நான் வாயைப் பொளந்துட்டுப் பின்னாடியே ஓடினேன்.

"மேடம், ஊசி எத்தனை கிலோவுக்குப் போட்டீங்க?"

"ஆறு நூறு. ஏன்? யார் உங்களை உள்ள விட்டது?"

"பூனை நாலு இருநூறு. கூடை ஒண்ணு தொள்ளாயிரம். கூடையைக் கழிக்கல."

டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துடுச்சு. "சார், இருபது வருஷமா வைத்தியம் பாக்கறேன். கணக்குப் பாக்காமலா ஊசி போடுவேன்? முதல்ல வெளிய போங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ரூமையே ரெண்டாக்கியிருப்பேன். வாயைத் திறந்தேன். இவர் திரும்பாமலே கையைக் காட்டி என்னை நிறுத்தினார். என்னை! குரலும் உசரல, ஆளும் நகரல.

"தராசு பக்கத்துலதான் இருக்கு மேடம். ஒரே ஒரு தடவை வெச்சுப் பாருங்க. நான் சொன்னது தப்புன்னா நானே வெளிய போயிடறேன்."

மேஜை மேல மேனேஜர் துணி மாதிரி கிடந்தார். நாக்கு நுனி வெளிய தெரிஞ்சுது. நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்குச்சு. அப்புறம் அசைவே இல்ல. அடுத்த மூச்சு எப்ப வரும்னு பாத்துட்டே நிக்கறேன். டாக்டரம்மாவும் அதைத்தான் பாத்தாங்க. மேனேஜரை ரெண்டு கையாலயும் தூக்கித் தராசுல வெச்சாங்க.

நாலு கிலோ இருநூறு.

"ஐயோ, கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு போயிருக்கு"ன்னாங்க. அதுக்கப்புறம் அவங்க வேலை செஞ்ச வேகத்தைக் குறை சொல்ல முடியாது. மயக்கத்தைத் தெளிய வைக்கற ஊசி, மூக்குல ஆக்ஸிஜன், வயித்துக்கடியில வெந்நீர்ப் பை. "ஹார்ட் ரொம்ப மெதுவா அடிக்குது"ன்னு நர்ஸம்மாகிட்ட சொன்னது என் காதுல விழுந்துச்சு. நான் சுவரோட ஒட்டிட்டு நின்னேன். கூடை எடை. ரெண்டே ரெண்டு வார்த்தை. அதைச் சொல்ல விட்டிருந்தா என் குட்டி இப்படிக் கிடப்பானா? ஊரெல்லாம் கேக்கற வாய் எனக்கு, ஆனா ஒரு நிமிஷம் காதைக் குடுக்கத் தெரியலயே பாவி! இவர் மேஜை பக்கத்துல நின்னு மேனேஜரோட மூச்சை எண்ணிட்டே இருந்தார்.

இருபது நிமிஷம் கழிச்சு ஒரு காது அசைஞ்சுது. அப்புறம் ஒரு கண்ணு திறந்துச்சு. எங்க நாலு பேரையும் சுத்திப் பாத்து, 'என்ன வேலை நடக்குது இங்க?'ன்னு கேக்கற அதே பழைய மேனேஜர் பார்வை. நான் ஓன்னு அழுதுட்டேன். என் சத்தம் கேட்டு அந்த நாய்க்காரர் ஒரு தம்ளர் தண்ணியோட ஓடி வந்தார். பாவம், அவரைப் போய் அந்தத் திட்டுத் திட்டியிருந்தேன்.

டாக்டரம்மா கையுறையைக் கழட்டிட்டு இவர் முன்னாடி வந்து நின்னாங்க. "தப்பு எங்க மேலதான். நீங்க சொன்னப்ப நான் கேட்டிருக்கணும். மன்னிச்சிடுங்க."

நர்ஸம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டே, கார்டுல இருந்த ஆறு நூறை அழிக்க வெள்ளை மையைத் திறந்தாங்க.

"அழிக்காதீங்கம்மா"ன்னார் இவர். "எங்க மேடையில தப்பான சீட்டைக் கிழிக்க மாட்டோம். அது மேல ஒரே ஒரு கோடு, பக்கத்துல சரியான எடை, கீழ கையெழுத்து. தப்பு என்னன்னு படிக்க முடியணும். அப்பதான் அடுத்து வர்ற ஆளு ஜாக்கிரதையா இருப்பார்."

டாக்டரம்மா அவங்க கையாலயே கோடு போட்டாங்க. நாலு இருநூறுன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டாங்க. "கூடை எடையையும் எழுதிடவா சார்?"னு கேட்டாங்க. மரியாதையா கேட்டாங்க. டாக்டரம்மாவைத் திட்டறதுக்கு நூறு வார்த்தை சேத்து வெச்சிருந்தேன், அத்தனையும் வீணாப் போச்சு. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. இவர் என் புருஷன்னு அந்த வரிசையில உக்காந்திருந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்ச் சொல்லணும்போல இருந்துச்சு. நாய்க்காரர்கிட்ட மட்டும் சொல்லிட்டேன்.

பல் சுத்தம் பண்றதைத் தள்ளிப் போட்டுட்டு, மத்தியானம் வரைக்கும் அங்கயே வெச்சுப் பாத்துட்டு அனுப்பினாங்க. பஸ்ல ஜன்னலோரம் இவர், மடியில கூடை. எங்க ஸ்டாப் வந்துச்சு. பழக்க தோஷம், எனக்கு வாய் திறந்துடுச்சு. டக்குனு மூடிக்கிட்டேன். இன்னிக்கு அவ்வளவு பெரிய டாக்டரையே நிறுத்தினவர், ஒரு பஸ்ஸை நிறுத்த மாட்டாரா?

நிறுத்தல. ஸ்டாப் போயிடுச்சு. என்னைத் திரும்பிப் பாத்தார், நான் ஜன்னலுக்கு வெளிய பாத்தேன். மூணு ஸ்டாப் தள்ளி ஒருத்தர் இறங்க, அவர் பின்னாடியே நாங்களும் இறங்கினோம். நல்ல வேளை, மேகமா இருந்துச்சு. கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்கிட்டு நடந்தோம்.

"நான் அப்பவே உங்களைப் பேச விட்டிருந்தா..."ன்னு ஆரம்பிச்சேன்.

"நானும் ரெண்டாவது தடவை சொல்லியிருக்கணும்"னார்.

அப்புறம் அவரா பேச ஆரம்பிச்சார். மேனேஜர் முதல் ஞாயித்துக்கிழமை முந்நூத்தி அம்பது கிராம் இருந்தாராம். பையில நிக்காம மூணு தடவை தராசுல இருந்து குதிச்சாராம். மழைக்கு நனைஞ்சு காய்ச்சல் வந்த மாசம் நானூறு குறைஞ்சாராம். அதை நோட்டுல எழுதின அன்னிக்கு, நான் தூங்கினதுக்கு அப்புறம் இவர் ரொம்ப நேரம் அழுதாராம். இந்த ஒன்பது வருஷத்துல இதெல்லாம் எனக்குத் தெரியாது. மூணு ஸ்டாப் தூரமும் அவர் பேசிட்டே வந்தார், நான் ஒரு வார்த்தைகூட குறுக்க பேசல.