ஷெட்டிலிருந்து வந்த சத்தம்

என் மனுசனுக்கு விசர். வேறு எப்படிச் சொல்வது? ஊரில் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தவர், லண்டன் குட்மேய்ஸில் வீடு வாங்கி, பொலிசிடம் லைசன்ஸ் எடுத்து, சனிக்கிழமைகளில் கிளப்பில் கடதாசி வட்டத்தைச் சுட்டுக்கொண்டிருந்தார். கடைத் தோட்டா நேராகப் போகாதாம். சுட்ட வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி வந்து, பின்வளவு ஷெட்டில் ஒரு பிரஸ் பூட்டி, தானே வெடிமருந்து போட்டுத் திரும்ப நிரப்பினார்.

பழைய இரும்புப் பிரஸ் அது. கைபிடியை இழுத்தால் கடக் என்னும். கோதின் அடியிலிருந்து வெடித்த கெப்பு, அந்தச் சின்னப் பித்தளை மூடி, கழன்று தகரத் தட்டில் டங் என்று விழும். குசினிக்குள் இரண்டும் கேட்கும். வீடா பட்டறையா என்று முதலில் வாய் ஓயாமல் ஏசினேன். அவருக்கு நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்து அனுப்பிய பிறகு ஏச்சை விட்டுவிட்டேன். வெங்காயம் வெட்டிக்கொண்டே காது கொடுப்பேன். கடக், டங். சரி, மனுசன் இருக்கிறார். கொஞ்சம் நின்றால் கத்தியை வைத்துவிட்டு யன்னலால் எட்டிப் பார்ப்பேன். இதை அவரிடம் சொன்னேனா? இத்தனை வருசம் குடும்பம் நடத்தியவர்கள் இதையெல்லாம் சொல்லிக்கொண்டா இருப்பார்கள்?

போன நவம்பரில் பக்கத்துத் தெருவில் வெடி கொளுத்தினார்கள். ஒன்று எங்கள் கூரைக்கு மேலேயே வெடித்தது. என்னை அறியாமல் மேசைக்குக் கீழே போய்விட்டேன். அவர் குனிந்து கையைப் பிடித்துத் தூக்கினார். ஏன் என்று ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பிரஸைக் கழற்றிப்போட்டார். தேய்ந்த வளையங்களுக்குப் பதிலாக நைலோன் வளையம் கடைந்தார். கைபிடி வந்து முட்டும் இடத்தில் சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினார். தட்டை எறிந்துவிட்டு, கெப்புகள் வழுக்கித் துணிப்பைக்குள் விழ ரப்பர் குழாய் பூட்டினார். தை மாசம் முழுக்க இதே வேலை. முடிந்த அன்று என்னைக் கூட்டிப்போய் இழுத்துக் காட்டினார். ஒரு சத்தமும் இல்லை. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோசம். நல்லாயிருக்கு என்றேன். வேறென்ன சொல்ல?

அடுத்த ஞாயிறு மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். ஷெட்டில் ஒன்றும் கேட்கவில்லை. இனி ஒன்றும் கேட்காதுதானே என்று இருந்துவிட்டேன். சாப்பிடக் கூப்பிடப் போனால், மனுசன் பிரஸில் தலையைச் சாய்த்தபடி இருக்கிறார். கை குளிர்ந்துபோயிருந்தது. உயிர் போய்க் கனநேரம் என்று அம்புலன்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள்.

துவக்கைப் பொலிஸ் உடனேயே கொண்டுபோய்விட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின், அவரோடு கிளப்புக்குப் போகும் நிசாந்தன் பிரஸை எடுக்க வந்தான். கைபிடியை இழுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தான்.

"அண்ணை என்ன வடிவாச் செய்திருக்கிறார் பாருங்கோ. அக்கா, நீங்கள் இந்தச் சத்தத்துக்குப் பயப்பிடுறியள், வாய்விட்டுச் சொல்லுறியள் இல்லை எண்டுதான் இவ்வளவு பாடுபட்டவர்."

பாவி மனுசன். ஒரு சொல்லுக் கேட்டிருக்கக்கூடாதா?

"எனக்கு அந்தச் சத்தத்துக்குப் பயமில்லைத் தம்பி," என்றேன். "அது நிண்டுபோகுமோ எண்டுதான் பயம்."