சவுதியிலிருந்து வந்த சூப்பி

ஷிஃபானா கொய்யாக்காயை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்து அழுத்தினாள். பல் பதியவில்லை. காயைத் திருப்பி வைத்து மறுபடியும் அழுத்தினாள். எச்சில் ஒழுகியதே தவிர காயில் ஒரு கீறல்கூட விழவில்லை. பிறகு, பழகிப்போன வேலையைச் செய்கிறவள் போலத் தலையைச் சாய்த்து, காயைக் கடைவாய்க்குத் தள்ளி, ஓரமாகக் கறுக் கறுக்கென்று சுரண்டத் தொடங்கினாள்.

எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த சிக்கந்தருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவன்தான் அவளுடைய அத்தா. சவுதியில் தம்மாமில் ஏ.சி. மெக்கானிக். மகள் பிறந்து நாற்பதாம் நாள் கழிந்ததும் விமானம் ஏறியவன், மூன்று வருஷத்துக்கும் மேலான பிறகு போன வாரம்தான் திண்டுக்கல் பேகம்பூர் வீட்டுக்கு லீவில் வந்திருந்தான். மகளைப் பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை. மகளோ அவன் பக்கம் அண்டுவதே இல்லை. கொய்யாக்காயைக் காட்டித்தான் இன்றைக்கு இவ்வளவு கிட்டத்தில் உட்கார வைத்திருந்தான்.

"முன்பல்லால கடிம்மா. இங்க பாரு, அத்தா மாதிரி."

அவன் கடித்துக் காட்டினான். அவள் தலையை ஆட்டினாள்.

"எங்க, ஈ காட்டு."

ஈ காட்டினாள். சிக்கந்தரின் சிரிப்பு நின்றுபோனது. கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. முன்னால் மட்டும் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவில், சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு வட்டமாக ஒரு சந்து. அந்தச் சந்து வழியாக நாக்கின் நுனி எட்டிப்பார்த்தது.

ஷிஃபானாவுக்குக் காய் அலுத்துவிட்டது. கவுனில் ஊக்கு போட்டுத் தொங்கவிட்டிருந்த ரப்பரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். பால் புட்டியில் மாட்டாத வெறும் காம்பு, பின்னால் ஒரு வளையம். கடைக்காரர்கள் நிப்பிள் என்பார்கள், வீட்டில் அதற்குச் சூப்பி என்று பெயர். அந்தச் சந்தில் அது அளவெடுத்ததுபோலப் போய் உட்கார்ந்ததைச் சிக்கந்தர் பார்த்தான்.

"ஹாஃபிஸா, செத்த இங்க வா."

உள்ளே தையல் மெஷின் நின்றது. ஹாஃபிஸா தோளில் இஞ்ச் டேப்போடு வந்து எட்டிப்பார்த்தாள்.

"அவளுக்குப் பல்லு அப்படித்தான் மச்சான். நான் எல்லாத்தையும் நறுக்கித்தான் குடுப்பேன். பால்பல்லுதானே? விழுந்தா நல்ல பல்லா மொளைக்கும்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். சிக்கந்தருக்குத்தான் மனது ஆறவில்லை. ஏனென்றால் மகள் வாயில் இருந்த சூப்பி அவனே வாங்கி அனுப்பியது. ஊருக்குப் போகிற ஆள் யார் கிடைத்தாலும் ஒரு பெட்டி கொடுத்தனுப்புவான். ரோஸ், மஞ்சள், நட்சத்திரம் போட்டது. அவன் மகளுக்குச் செய்ய முடிந்ததெல்லாம் அதுதான். தெருவில் மற்ற பிள்ளைகள் விரல் சூப்பும்போது தன் பேத்தி சவுதி சூப்பி வைத்திருப்பதில் மாமனார் மைதீன் பிச்சைக்கும் கொள்ளைப் பெருமை. மூன்று வருஷத்தில் அந்தச் சாமான் இல்லாமல் குழந்தை ஒரு தூக்கம் தூங்கியதில்லை. விளையாடும்போதும் அது வாயில், பேசும்போதும் வாயில். அதை எடுத்துவிட்டுப் பேசினாலும் 'ச' வருவதில்லை. சூப்பியைத் 'தூப்பி' என்பாள். சிக்கந்தரைத் 'தவுதி அத்தா' என்பாள். எல்லோரும் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரிப்பார்கள்.

மறுநாளே மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு பல் டாக்டரிடம் போனான். டாக்டர் ஐரினுக்கு நாற்பது வயதிருக்கும். சூப்பியை இறுகக் கவ்விக்கொண்டு முறைத்த ஷிஃபானாவை அவர் வற்புறுத்தவில்லை.

"சரி, உனக்கு வேணாம். உன் சூப்பிக்குப் பல்லு பாக்கலாமா?"

ஷிஃபானா யோசித்தாள். பிறகு சூப்பியைக் கழற்றி நீட்டினாள். டாக்டர் சின்னக் கண்ணாடியை வைத்து ரொம்ப அக்கறையாக அதைச் சோதித்தார். "அடடா, இதுக்கு ஒரு பல்லுகூட மொளைக்கலையே. உனக்காவது இருக்கா?" என்றார். ஷிஃபானா பெருமையோடு வாயைத் திறந்தாள்.

பார்த்து முடித்ததும் டாக்டரின் முகம் மாறியது. "நாள் பூரா வாயில இருக்கா?" என்று கேட்டார்.

"ஆமா டாக்டர்" என்றாள் ஹாஃபிஸா, மெதுவாக.

"இந்த வயசுல தாடை எலும்பு வளந்துக்கிட்டே இருக்கும். ரப்பர் நடுவுல நின்னுக்கிட்டா பல்லு இறங்க எடம் ஏது? மேல்பல்லு முன்னால தள்ளிருச்சு. சப்பிச் சப்பிக் கன்னம் அழுத்தி மேலண்ணம் குறுகிருச்சு. அதனால ஒரு பக்கம் மேல்வரிசை கீழ்வரிசைக்கு உள்ளுக்குள்ள போய்க் கடிக்குது. நாக்கு அந்தச் சந்து வழியா வெளிய வருது. 'ச' வராததுக்கு அதுவும் ஒரு காரணம்."

"பால்பல்லுதானே டாக்டர், விழுந்துராதா?"

"பல்லு விழும்மா. தாடை விழாதுல்ல? பழக்கம் இப்படியே போனா, அடுத்து வாற பல்லும் இதே கோணல்லதான் வந்து நிக்கும்."

சிக்கந்தர் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சவுதி சரக்கு டாக்டர், ஒரிஜினல். பல்லுக்கு நல்லதுன்னு அட்டையிலயே போட்டிருந்துச்சு."

"உங்க பொண்ணு எம்புட்டு நேரம் சப்புறான்னு அட்டைக்குத் தெரியுமா சார்?"

அவன் தலை குனிந்தான். டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"கைக்குழந்தைக்குத் தூங்குற நேரம் மட்டும் குடுத்து, ரெண்டு வயசுக்குள்ள மறக்கடிச்சிருந்தா இந்தப் பாடு இல்ல. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நாலு வயசுக்குள்ள நிறுத்திட்டா முன்பல்லுச் சந்து பெரும்பாலும் தானாவே அடஞ்சு வரும். ஓரத்துப் பல்லை நான் பாத்துக்கிறேன். ஆனா கசப்புத் தடவாதீங்க, அடிக்காதீங்க. முதல்ல பகல்ல குறைங்க, அப்புறம் ராத்திரி. புள்ள எதுக்காக அதைக் கேக்குதுன்னு பாருங்க. பசியா, தூக்கமா, பயமா? அதுக்கு வேண்டியதைக் குடுத்தா ரப்பரை அதுவே மறந்துரும்."

டாக்டர் சொல்லியும் ஹாஃபிஸா இரண்டாம் நாளே சூப்பியில் வேப்பெண்ணெய் தடவிவிட்டாள். ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று நினைத்தாள் பாவம். வாயில் வைத்த ஷிஃபானா அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. மைதீன் பிச்சை ஓடிவந்து, "ஏலே, புள்ளையக் கொல்லப் பாக்குறீகளா?" என்று பேத்தியை வாங்கிக்கொண்டார். கடைசியில் ஹாஃபிஸாவே சூப்பியைக் கழுவி, தேனில் தோய்த்து, மகள் வாயில் வைத்தாள்.

"தேனு வேறயா? பல்லு சொத்தையாவும் போகட்டும்" என்றான் சிக்கந்தர்.

அவ்வளவுதான். ஹாஃபிஸா திரும்பினாள்.

"நீங்க ரெண்டு மாசத்துல பிளேன் ஏறிருவீங்க. அழுற புள்ளையோட கிடக்கப்போறது நானு. இடுப்புல ஒண்ணை வச்சுக்கிட்டு மெஷின மிதிக்க முடியுமா? அது வாயில ரப்பர் இருந்ததாலதான் நாலு ஜாக்கெட் தச்சேன். மூணு வருஷத்துல இவ அழுது முடிக்கிற வரைக்கும் ஒரு தடவ கேட்டிருக்கீங்களா? போன்ல அழுதாக்கூட, 'அதை வாயில வையி, காசு ஓடுது'ன்னு சொன்னது யாரு?"

சொன்னது சிக்கந்தர்தான். வெள்ளிக்கிழமைகளில் டெலிபோன் பூத்திலிருந்து பேசும்போது பின்னால் குழந்தை அழுதால் அவனுக்குத் தாங்காது. அழுகையை நிறுத்தினால் போதும் என்று இருக்கும். சூப்பியை வைத்ததும் குழந்தை அடங்கிவிடும், அவனுக்கும் நிம்மதியாகிவிடும்.

அவன் இப்போது பயந்ததும் அந்த அழுகைக்குத்தான். ஏற்கெனவே ஒட்டாத பிள்ளை. சூப்பியைப் பிடுங்கினால் ஆயுசுக்கும் அவனை எதிரியாகத்தானே நினைக்கும்? கிடைத்த இரண்டு மாசத்தைக் கொஞ்சிக் கழித்துவிட்டுப் போகலாமே என்று ஒரு மனசு சொன்னது. ஆனால் போன பிறகு? சந்து அப்படியே இருக்கும். ஹாஃபிஸா ஒற்றை ஆளாக என்ன செய்வாள்?

அன்று சாயங்காலம் மெஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"நீ சொன்னது நிசந்தான். நான் இருக்கிற வரைக்கும் இவ அழுகையெல்லாம் என் பங்கு. என்கிட்ட விட்ரு."

ஹாஃபிஸா அவனையே பார்த்தாள். மகளின் கவுனில் இருந்த ஊக்கைக் கழற்றி, சூப்பியை அவன் கையில் கொடுத்தாள்.

முதலில் பகல் தூக்கம். சாப்பாடு முடிந்ததும் ஷிஃபானா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "தூப்பி" என்றாள்.

"ராத்திரி தாரேன்டா தங்கம். இப்ப அத்தாகூட பஸ்ஸுல போவோமா?"

அவள் அவன் நெஞ்சில் குத்தினாள், சட்டையைப் பிடித்து இழுத்தாள். அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சிக்கந்தர் நிலக்கோட்டை பஸ்ஸில் ஏறினான். எங்கே போகிறோம் என்று அவனுக்கே தெளிவில்லை. வீட்டில் இருந்தால் யாராவது மனசு இளகிவிடுவார்கள், அது மட்டும் தெரியும்.

கண்டக்டர் உடையப்பன் டிக்கெட் கிழித்தபடியே கேட்டார்: "பூ மார்க்கெட்டுக்காண்ணே?"

"இல்லண்ணே. புள்ளையத் தூங்க வைக்க."

பஸ்ஸே சிரித்தது. ஷிஃபானா சிரிக்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள். முன் சீட்டுப் பெரியவர் ஒருவர், "வாயில எதையாச்சும் வச்சு அடக்கப்பா" என்று எரிந்து விழுந்தார். சிக்கந்தருக்கு வேர்த்துக் கொட்டியது. சட்டைப் பையில் சூப்பி இருந்தது. ஒரு விநாடி கை அங்கே போகவும் செய்தது. பிறகு அதே கையால் மகளின் முதுகைத் தட்டிக்கொடுத்தான். "அழுடா, அழு. அத்தா இங்கதான இருக்கேன்" என்று காதோரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

சின்னாளபட்டி தாண்டியதும் கத்தல் விசும்பலாயிற்று. கொடைரோட்டுக்கு முன்னாலேயே அவள் தலை அவன் கழுத்துக்குள் சாய்ந்துவிட்டது. வெறும் வாய் லேசாகத் திறந்திருந்தது. சட்டைத் தோளில் எச்சில் ஊறியது. மூன்று வருஷத்தில் மகள் அவன் மேல் தூங்கியது அதுதான் முதல் தடவை. கை மரத்துப் போயும் அவன் அசையவில்லை. திரும்புகிற பஸ்ஸில் பூக்கூடைகள் ஏறி, மல்லிகை வாசம் மூக்கை அடைத்தபோதும் அவள் எழுந்திருக்கவில்லை.

மறுநாளும் அதே பஸ், அதற்கு மறுநாளும். உடையப்பன் ஜன்னலோர சீட்டில் துண்டு போட்டு வைக்க ஆரம்பித்தார். ஒருநாள் அழுகை அதிகமாக இருக்கும், ஒருநாள் விரல் வாய்க்குப் போகும். அந்த விரலைப் பிடித்துக்கொண்டு சிக்கந்தர் ஜன்னல் வழியாக மாடு காட்டுவான், ரயில் காட்டுவான். நாளாக ஆகத் தூங்குவதற்குப் பஸ்கூடத் தேவைப்படவில்லை. அவன் தோளே போதுமாக இருந்தது.

ஒரு காலையில் ஷிஃபானா வாசல்படியில் தடுக்கி விழுந்தாள். முழங்காலில் ரத்தம். ஹாஃபிஸா மெஷினை விட்டு எழுவதற்குள் குழந்தையின் கை பழக்கத்தில் கவுனைத் துழாவியது. அங்கே ஊக்கும் இல்லை, சூப்பியும் இல்லை. ஒரு கணம் திகைத்து நின்றவள், "அத்தா!" என்று கூவிக்கொண்டு முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சிக்கந்தரின் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் அவளைத் தூக்கியபோது அவனுக்கும் கண் நிறைந்துவிட்டது.

ஹாஃபிஸா கதவைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"ராத்திரிக்கு நான் பாத்துக்கிறேன் மச்சான். விளக்கு வச்சப்புறம் இனிமே மெஷின் ஓடாது" என்றாள். அன்றிலிருந்து படுக்கும் முன் மகள் தலையை மடியில் வைத்துக் கதை சொன்னாள். அவளுக்குத் தெரிந்தது ஒரு நரிக் கதை மட்டும்தான். அதையே தினமும் மாற்றி மாற்றிச் சொன்னாள். முதல் இரண்டு மூன்று இரவுகள் வீடே தூங்கவில்லை. அப்புறம் ஷிஃபானா சூப்பியைக் கேட்பதற்குப் பதில் நரியைக் கேட்டாள்.

லீவு முடிகிற சமயம் டாக்டர் ஐரின் மறுபடி பார்த்தார். சந்து முழுதாக அடையவில்லை. ஆனால் குறைந்திருந்தது. "இனிமே பல்லு அது வேலைய அது பாத்துக்கும். நீங்க மறுபடி குறுக்க எதையும் வைக்காம இருந்தாப் போதும்" என்று சிரித்தார்.

சிக்கந்தர் புறப்படுகிற நாள் எல்லோரும் ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்தார்கள். ரயில் வந்து நின்றது. அவன் பெட்டியை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் ஷிஃபானாவுக்கு விஷயம் புரிந்தது. "அத்தா, போகாத அத்தா" என்று பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். ஹாஃபிஸா கையிலிருந்து திமிறினாள்.

மைதீன் பிச்சைக்குத் தாங்கவில்லை. வெளியே கடைக்கு ஓடினார். மூச்சிரைக்க வந்தபோது அவர் கையில் புத்தம்புதிதாக ஒரு சூப்பி.

"இன்னிக்கு ஒருநாள் மட்டும் மாப்ள. புள்ள ஏங்கிப் போயிரும்."

சிக்கந்தர் படியிலிருந்து இறங்கி வந்து மாமனாரின் கையைப் பிடித்தான்.

"வேணாம் மாமா. அவ வாய்க்கு ஒண்ணும் ஆகல, மனசுக்குத்தான் வலிக்குது. மனசு வலிக்கிற புள்ள வாயில ரப்பரை வச்சா பல்லுதான் கோணும், வலி போகாது. மூணு வருஷமா நானும் அதத்தான் செஞ்சேன். அழுற சத்தத்த அடைச்சேன், அழுகைய ஆத்தல. அழட்டும் மாமா, அழுதா ஒண்ணும் ஆகாது. தனியா மட்டும் அழ விட்றாதீக. அழுற புள்ளைக்கு வேண்டியது வாய்க்கு ஒரு சாமான் இல்ல, சாஞ்சுக்க ஒரு தோளு."

ரயில் ஊதியது. அவன் மகளின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு ஓடிப்போய் ஏறினான்.

மைதீன் பிச்சை கையிலிருந்த சூப்பியைப் பார்த்தார். அதை ஜிப்பாப் பைக்குள் திணித்துவிட்டு, "வாடா என் ராசாத்தி, நன்னாகிட்ட வா" என்று இரண்டு கையையும் நீட்டினார். ஷிஃபானா அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ரயில் கண்ணுக்கு மறைந்த பிறகும், வாய் நிறைய, மனசு தீர அழுதாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.